பார்வையற்றவர் கோடிங் கற்க எந்த மொழியைத் தேர்ந்தெடுக்கலாம்? முழுமையான வழிகாட்டி

கோடிங் கற்க விரும்பும் பார்வையற்ற மாணவர்கள் முதலில் கேட்பது, "எந்த மொழி எங்களுக்குச் சரிப்பட்டு வரும்?" என்பதுதான். ஒருவர் பைத்தான் என்பார். பைத்தானில் வரி எவ்வளவு உள்ளே தள்ளியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும், அது வேண்டாம் என்பார் இன்னொருவர். சி, ஜாவா என்றால் அடைப்புக்குறிகளைக் கேட்டே காது ஓய்ந்துவிடும் என்று மூன்றாமவர் பயமுறுத்துவார்.

மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் எந்த நிரல்மொழியும் வெறும் எழுத்துதான், திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் எழுத்தைப் படித்துவிடும். நமக்குத் தடை வருவது மொழியைச் சுற்றி இருப்பவற்றில்: எழுதுகிற எடிட்டர், பிழைச்செய்தி வந்து விழும் இடம், பிழையைத் தேட உதவும் டீபக்கர், நாம் செய்த புரோகிராம் ஓடும்போது திறக்கும் ஜன்னல். இவை எல்லாவற்றையும் யாருடைய கண்ணையும் கடன் வாங்காமல் உங்களால் எந்த மொழியில் கையாள முடிகிறதோ, அதுவே உங்களுக்கான மொழி. அதைக் கண்டறியும் வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

விண்டோஸ் கணினியும் என்விடிஏ ஸ்கிரீன் ரீடரும் வைத்திருப்பவரை மனதில் வைத்தே எழுதுகிறேன். என்விடிஏ இலவசம், நம் ஊரில் பெரும்பாலோர் கையில் இருப்பதும் அதுதான். ஜாஸ், ஆர்க்கா, வாய்ஸ்ஓவர் போன்ற வேறு ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவர்கள் விசைகளை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

படி 1: மொழியைத் தேடும் முன் ஸ்கிரீன் ரீடரைச் சரிசெய்யுங்கள்

பலரும் தாண்டிப் போய்விடும் படி இது. செய்தி படிக்கவும் மின்னஞ்சல் பார்க்கவும் வைத்திருக்கும் அமைப்போடு நிரலைப் படித்தால் எல்லா மொழியும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

என்விடிஏ நிறுவியவுடன் நிறுத்தக்குறி அளவு 'சில' என்ற நிலையில் இருக்கும். அந்த நிலையில் அடைப்புக்குறி, செமிகோலன், மேற்கோள்குறி, அடிக்கோடு எல்லாவற்றையும் அது வாயைத் திறக்காமல் தாண்டிவிடும். கட்டுரை படிக்கும்போது அது வசதி. நிரலில் ஒரு செமிகோலன் போனால் புரோகிராமே ஓடாது. என்விடிஏ விசையோடு (வழக்கமாக இன்சர்ட்) பி-யை அழுத்திக்கொண்டே போனால் 'எல்லாம்' என்ற நிலை வரும். அதில் நிறுத்துங்கள்.

அடுத்தது உள்தள்ளல், அதாவது வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி. என்விடிஏ + கண்ட்ரோல் + டி அழுத்தினால் ஆவண வடிவமைப்பு அமைப்புகள் திறக்கும். அதில் வரி உள்தள்ளலை அறிவிக்கும் தேர்வு ஒன்று இருக்கிறது. பேச்சு, ஒலி, இரண்டும் என மூன்று வழிகளில் வைக்கலாம். நான் பரிந்துரைப்பது ஒலி. உள்தள்ளல் மாறுகிற வரியில் மட்டும் ஒரு சின்ன 'பீப்' வரும். ஒவ்வொரு ஸ்பேஸுக்கும் அதன் சுருதி ஏறும், ஒரு டேப் என்றால் நான்கு ஸ்பேஸ் அளவுக்கு ஏறும். முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும். அப்புறம் சுருதி ஏறினால் உள்ளே போகிறோம், இறங்கினால் வெளியே வருகிறோம் என்று காது தானாகப் பிடித்துக்கொள்ளும். பைத்தான் நமக்கு ஆகாது என்று சொல்பவர்களில் பலர் இந்த ஒரு அமைப்பை மாற்றிப் பார்க்காதவர்கள்.

பெரிய எழுத்துக்கு 'பீப்' ஒலிக்கும் தேர்வு பேச்சு அமைப்புகளில் இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள். பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பதைப் பொறுத்து பெயர் மாறிவிடும் மொழிகள் ஏராளம். இன்னொரு விஷயம்: தமிழ்க் குரலில் கேட்டுப் பழகியிருந்தாலும் நிரலுக்கு ஓர் ஆங்கிலக் குரல் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் எப்போதும் இருந்தால் வாட்ஸ்அப் படிப்பதே நரகமாகிவிடும். அதற்குத்தான் ப்ரொஃபைல் வசதி. எடிட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு என்விடிஏ + கண்ட்ரோல் + பி அழுத்தி, அந்தச் செயலிக்கு மட்டும் ஒரு புதிய ப்ரொஃபைல் உருவாக்குங்கள். எடிட்டருக்குள் போனதும் நிரல் அமைப்பு வரும், வெளியே வந்ததும் பழையபடி ஆகிவிடும்.

படி 2: என்ன செய்யப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

வங்கி மென்பொருள், வலைத்தளம், தரவு ஆய்வு, செல்போன் செயலி, ஸ்கிரீன் ரீடருக்கே துணைக்கருவி எழுதுவது என ஒவ்வொரு வேலையும் தனக்கான மொழியோடுதான் வரும். இன்னும் முடிவு செய்யவில்லையா? சரி, கவலை வேண்டாம், பைத்தானில் தொடங்குங்கள். கல்லூரிப் பாடத்திட்டம் மொழியை ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது என்றால் நேராகப் படி 5-க்குப் போகலாம்.

படி 3: ஒரே மாலையில் ஐந்து சோதனைகள்

மொழியைப் பற்றி மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு முடிவெடுக்காதீர்கள். உங்கள் கணினியில், உங்கள் ஸ்கிரீன் ரீடரோடு, இந்த ஐந்தையும் செய்து பாருங்கள்.

முதல் சோதனை: யார் உதவியும் இல்லாமல் நிறுவி, ஒரு வரியை அச்சிடும் புரோகிராமை ஓட்ட வேண்டும். நிறுவும் ஜன்னலிலேயே ஸ்கிரீன் ரீடர் ஊமையாகிவிட்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அடுக்கு வரும்படி நாற்பது வரி நிரல் ஒன்றை எழுதுங்கள். எழுந்து போய்க் காபி குடித்துவிட்டு வந்து, நடுவில் ஏதோ ஒரு வரியில் கர்சரை வையுங்கள். நாம் எந்த லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள்) இருக்கிறோம் என்பதைக் கேட்டே சொல்ல முடிகிறதா?

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். வேண்டுமென்றே ஒரு குறியை அழித்துவிட்டு ஓட்டுங்கள். வருகிற பிழைச்செய்தியைக் கேட்டு, அந்த வரிக்குப் போய்ச் சேருங்கள். கண் பார்வை உள்ளவர் சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு ஒரு நொடியில் போய்விடுவார். நமக்கு அந்த இடத்துக்குப் போக என்ன வழி இருக்கிறது என்பதைப் பொறுத்தே அன்றாட வேலையின் வேகம் அமையும். பைத்தானின் பிழைச்செய்தியில் கடைசி வரியிலேயே சாரம் இருக்கும், அதனால் கீழிருந்து மேலே படிப்பது நல்லது. சி++ சில சமயம் ஒரு சின்னத் தவறுக்குப் பக்கம் பக்கமாகப் பேசும். ரஸ்ட் மொழியின் பிழைச்செய்திகள் தெளிவுக்குப் பெயர் பெற்றவை, ஆனால் கோடுகளும் அம்புக்குறிகளும் போட்டு வரைந்து காட்டுவதால் காதில் 'பார் (|), பார் (|), கேரட் (^)' என்று இரைச்சலாக விழும். அதில் செய்தியைச் சுருக்கமாகக் கேட்கும் தேர்வு இருக்கிறது. ரஸ்ட் கற்பவர்கள் முதல் நாளே அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

நான்காவது, டீபக்கர். புரோகிராமை நடுவில் நிறுத்தி, ஒரு மாறியின் மதிப்பை விசைப்பலகையாலேயே கேட்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால், மதிப்புகளை அங்கங்கே அச்சிட்டுப் பார்த்தே பிழைத்துக்கொள்ளலாம். பார்வை உள்ளவர்களிலும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஐந்தாவது, ஒரு எழுத்துப்பெட்டியும் ஒரு பொத்தானும் உள்ள சின்ன ஜன்னல் ஒன்றைச் செய்யுங்கள். டேப் விசையால் போனால் ஸ்கிரீன் ரீடர் அவற்றின் பெயரைச் சொல்ல வேண்டும். நாமே எழுதிய புரோகிராமை நாமே பயன்படுத்த முடியாமல் போவது போன்ற வேதனை வேறு இல்லை. அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் இந்தச் சோதனை.

படி 4: மொழிகள் ஒவ்வொன்றாக

முதலில் காதால் கேட்டுப் பார்ப்போம். 'n' தடவை ஓடும் ஒரு லூப், சி-யில் இப்படி ஒலிக்கும் ('பேரன்' என்பது வளைவு அடைப்புக்குறி, 'பிரேஸ்' என்பது நெளிவு அடைப்புக்குறி): 'ஃபார் லெஃப்ட் பேரன் இன்ட் ஐ ஈக்வல்ஸ் ஜீரோ செமி ஐ லெஸ் என் செமி ஐ ப்ளஸ் ப்ளஸ் ரைட் பேரன் லெஃப்ட் பிரேஸ்'. அதே லூப் பைத்தானில்: 'ஃபார் ஐ இன் ரேஞ்ச் லெஃப்ட் பேரன் என் ரைட் பேரன் கோலன்'. குவோரம் என்ற மொழியில்: 'ரிபீட் என் டைம்ஸ்'.

வித்தியாசம் பெரிதுதான். ஆனாலும் இதை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். சில வாரங்களில் காது 'லெஃப்ட் பேரன்' என்பதைச் சொல்லாகக் கேட்பதை விட்டுவிட்டு வெறும் ஓசையாகக் கடந்து போகப் பழகிவிடும்.

பைத்தானுக்கு என் ஓட்டு முதலில் விழக் காரணம் வேறு. என்விடிஏ-வின் பெரும்பகுதி பைத்தானில்தான் எழுதப்பட்டிருக்கிறது. பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் ஆஸ்திரேலியாவில் 2006-ல் அதைத் தொடங்கினார். மூலநிரல் திறந்தே கிடக்கிறது. பைத்தான் ஓரளவு கைவந்ததும், உங்கள் அலுவலகச் செயலியில் பெயரில்லாமல் நிற்கும் ஒரு பொத்தானுக்குப் பெயர் சொல்ல வைக்கும் ஆட்-ஆனை, அதாவது துணைக்கருவியை, நீங்களே எழுதலாம். கற்றுக்கொண்ட மொழி உடனே உங்கள் அன்றாடத்துக்குப் பயன்படும் இந்த வாய்ப்பு வேறு மொழியில் இவ்வளவு எளிதாகக் கிடைக்காது. லினக்ஸில் உள்ள ஆர்க்காவும் பைத்தானில் எழுதப்பட்டதுதான்.

பைத்தானில் இரண்டு பள்ளங்கள் உண்டு. பல பாடப்புத்தகங்கள் "ஐடில் திறக்கவும்" என்றுதான் தொடங்கும். பைத்தானோடு வரும் அந்த எடிட்டர், பைத்தானில் ஜன்னல்கள் செய்ய உதவும் டிகின்டரில் செய்யப்பட்டது. டிகின்டர் ஜன்னல்களை ஸ்கிரீன் ரீடரால் படிக்க முடியாமல் போவது நெடுங்காலக் குறை. திறந்தால் மௌனம்தான். நமக்குக் கணினி வராது என்று அந்த இடத்திலேயே ஒதுங்கிப் போகிறவர்கள் உண்டு என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். ஐடிலைத் திறக்கவே வேண்டாம், கீழே சொல்லப் போகும் விஎஸ் கோட் எடிட்டரில் எழுதுங்கள். அதே காரணத்துக்காக, ஜன்னல் உள்ள புரோகிராம் செய்ய டிகின்டர் வேண்டாம், டபிள்யூஎக்ஸ்பைத்தான் எடுத்துக்கொள்ளுங்கள். அது விண்டோஸின் சொந்தப் பொத்தான்களையும் பெட்டிகளையுமே பயன்படுத்துவதால் ஸ்கிரீன் ரீடருக்குப் பெரும்பாலும் பிரச்சினை வராது. என்விடிஏ-வின் அமைப்பு ஜன்னல்களும் அதில்தான் செய்யப்பட்டிருக்கின்றன.

திரையில் உள்ளதைப் புள்ளி எழுத்தாக விரலுக்குத் தரும் பிரெயில் டிஸ்ப்ளே வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு (ஒரு செல்லில் ஒரு எழுத்து). பைத்தானில் ஒரு அடுக்குக்கு நான்கு ஸ்பேஸ் என்பது வழக்கம். மூன்று அடுக்கு உள்ளே போனால் 12 ஸ்பேஸ். 20 செல் உள்ள டிஸ்ப்ளேயில் வரியைப் படிக்க மிஞ்சுவது எட்டு செல். ஸ்பேஸுக்குப் பதிலாக டேப் வைத்தால் ஒரு அடுக்குக்கு ஒரு எழுத்துதான். பைத்தான் டேப்பையும் ஏற்கும், ஒரே கோப்பில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி. கோ மொழி டேப்பையே வழக்கமாக வைத்திருக்கிறது, விரலால் படிப்பவர்களுக்கு அது கூடுதல் வசதி.

சி ஷார்ப்: விண்டோஸில் வேலை தேடுபவர்களுக்கு நான் இரண்டாவதாகச் சொல்வது இதைத்தான். அதை எழுதப் பயன்படும் விஷுவல் ஸ்டுடியோ ஸ்கிரீன் ரீடரோடு நன்றாகவே பேசும். ஜன்னல் வடிவமைக்கும்போது மவுஸால் இழுத்துப் போடும் பலகையை விட்டுவிடுங்கள். ஜன்னல் செய்யும் இரண்டு வழிகளில், விண்ஃபார்ம்ஸில் நிரலாகவும் டபிள்யூபிஎஃப்-ல் எக்ஸ்ஏஎம்எல் எழுத்தாகவும் அதே வேலையைச் செய்யலாம். பிக்சல் கணக்குப் போடாமல், ஒன்றன்கீழ் ஒன்றாகத் தானே அடுக்கிக்கொள்ளும் லேஅவுட்களைப் பயன்படுத்தினால் பார்வை உள்ளவர்களுக்கும் ஒழுங்காகத் தெரியும்.

ஜாவா: மொழியில் சிக்கல் இல்லை. ஜன்னல்கள் ஸ்விங் என்ற ஜாவாவின் ஜன்னல் தொகுப்பில் இருந்தால், ஜாவா ஆக்சஸ் பிரிட்ஜ் என்ற இணைப்பை இயக்கினால்தான் ஸ்கிரீன் ரீடருக்குக் கேட்கும். ஜாவாவோடு வரும் 'ஜாப்ஸ்விட்ச்' கட்டளையால் அதை இயக்கலாம். இது தெரியாமல் "ஜாவா பேசாது" என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. எக்லிப்ஸ் எடிட்டர் விண்டோஸின் சொந்தக் கட்டுப்பாடுகளில் ஓடுவதால் இந்தத் தொல்லை குறைவு.

வலைத்தளம், அதாவது எச்டிஎம்எல்லும் ஜாவாஸ்கிரிப்டும்: இந்தத் துறையில் நமக்கு ஒரு கூடுதல் பலமே இருக்கிறது. தலைப்புக்கு எச் விசை, உறுப்புப் பட்டியலுக்கு என்விடிஏ + எஃப்7 என்று வலைப்பக்கத்தின் எலும்புக்கூட்டைத் தினமும் கேட்டுப் பழகியவர்கள் நாம். படிவத்தில் லேபிள் விட்டுப்போனால் மற்றவர்களுக்கு மாதக்கணக்கில் தெரியாது, நமக்கு முதல் நொடியிலேயே தெரிந்துவிடும். அணுகல்தன்மைச் சோதனை என்ற தனி வேலைப் பிரிவே இந்தத் திறமையை நம்பி இருக்கிறது. நிறமும் இடைவெளியும் சிஎஸ்எஸ்-ன் வேலை. அங்கே பூட்ஸ்ட்ராப் போன்ற ஆயத்த வடிவமைப்புகளைச் சார்ந்திருங்கள், கடைசியில் பார்வை உள்ள ஒருவரிடம் ஒருமுறை காட்டிச் சரிபாருங்கள்.

தரவு ஆய்வுக்குப் போகிறவர்கள் எஸ்க்யூஎல் கட்டாயம் கற்க வேண்டும். பெரும்பாலும் சொற்களாலான மொழி, காதுக்கு இதமானது. புள்ளியியலுக்கு ஆர் மொழி எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் சொல்லும். நியூசிலாந்தின் மாஸி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த, பார்வையற்ற புள்ளியியலாளர் ஜொனாதன் காட்ஃப்ரே அதற்காக உருவாக்கிய பிரெயில்ஆர் என்ற தொகுப்பு, வரைபடம் என்ன காட்டுகிறது என்பதை வாக்கியங்களாகச் சொல்லும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வருவோம். ஸ்கிராட்ச் வேண்டாம், வண்ணக் கட்டைகளை மவுஸால் இழுத்து அடுக்கும் அந்த முறை ஸ்கிரீன் ரீடருக்கு ஒத்து வராது. குவோரம் மொழியைப் பார்க்கலாம். பார்வையற்ற மாணவர்களுக்காகத் தொடங்கிய இந்த மொழியை அமெரிக்காவில் ஆண்ட்ரியாஸ் ஸ்டெஃபிக் குழுவினர் உருவாக்கினர். இதில் தொகுதிகள் 'எண்ட்' என்ற சொல்லால் முடியும். 'சே' என்று எழுதினால் கணினி வாய்விட்டே பேசும். இந்தக் குழு 2011-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், குறிகளையும் சொற்களையும் மனம்போன போக்கில் தேர்ந்தெடுத்து ஒரு மொழியைச் செய்து, புதியவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். குறிகள் நிறைந்த பெர்ல் மொழியில் எழுதியவர்கள் அதைவிடக் குறிப்பிடும்படி சிறப்பாக எழுதிவிடவில்லை. குவோரத்தில் எழுதியவர்கள் மேலாகச் செய்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் குறிகள் நிறைந்த மொழி முதலில் புரியவில்லை என்றால் அதற்குக் காரணம் உங்கள் பார்வை இல்லை என்பதற்கு நான் இதைத்தான் எடுத்துக்காட்டுவேன். குவோரத்தை வைத்து வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, அடிப்படை பிடிபட்டதும் பைத்தானுக்கு நகர்ந்துவிடுங்கள்.

முத்து அண்ணாமலை உருவாக்கிய, தமிழ்ச் சொற்களால் எழுதும் எழில் மொழியையும் ஆசிரியர்கள் கவனிக்கலாம். 'பதிப்பி' என்றால் அச்சிடும், தொகுதிகள் 'முடி' என்ற சொல்லோடு முடியும். ஆங்கிலம் தடையாக இருக்கும் குழந்தைக்கு லூப் என்றால் என்ன என்று புரியவைக்க உதவும்.

விளையாட்டு செய்ய ஆசைப்படுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கணினி விளையாட்டுகள் செய்யும் மென்பொருளான யூனிட்டியின் எடிட்டர் ஸ்கிரீன் ரீடரோடு ஒத்துழைப்பதில்லை. ஒலியால் ஆடும் விளையாட்டுகளைப் பைத்தானிலேயே செய்யலாம்.

படி 5: எடிட்டர், அப்புறம் கல்லூரி லேப்

மொழி எதுவானாலும் விஎஸ் கோட் என்பதே என் பரிந்துரை. ஸ்கிரீன் ரீடர் ஓடுவதை அதுவே கண்டுகொண்டு தன்னை மாற்றிக்கொள்ளும். ஆல்ட் + எஃப்1 அழுத்தினால் அணுகல் உதவி திறக்கும். எஃப்8 அடுத்த பிழைக்குக் கொண்டுபோகும், மூன்றாவது சோதனையில் கேட்டேனே, அதற்கான விசை இதுதான். கண்ட்ரோல் + ஷிஃப்ட் + ஓ, கோப்பில் உள்ள ஃபங்ஷன்களைப் பட்டியலிடும். கண்ட்ரோல் + ஜி எண் கேட்டு அந்த வரிக்குப் போகும். நான்கு 'ரைட் பிரேஸ்' வரிசையாக வந்து எது எதற்கு என்று குழம்பினால், கண்ட்ரோல் + ஷிஃப்ட் + பேக்ஸ்லாஷ் அதன் ஜோடிக்கு அழைத்துப் போகும். பிழை உள்ள வரி, பிரேக்பாயின்ட் (டீபக்கரில் புரோகிராம் நிற்க நாம் குறித்த இடம்) உள்ள வரி ஆகியவற்றுக்குத் தனித்தனி ஒலிகளும் உண்டு.

லினக்ஸில் ஊறியவர்களுக்கு, ஈமாக்ஸ் எடிட்டரைப் பேச வைக்கும் ஈமாக்ஸ்பீக் இருக்கிறது. பதினான்கு வயதில் பார்வை இழந்து, ஐஐடி பம்பாயில் படித்து, கார்னெலில் முனைவர் பட்டம் பெற்ற டி.வி. ராமன் 1990-களில் உருவாக்கியது. திரையில் தெரிவதைப் படிப்பதோடு நிற்காமல் நிரலின் அமைப்பைப் புரிந்துகொண்டு பேசும், குறிப்புரையை ஒரு குரலிலும் நிரலை இன்னொரு குரலிலும் சொல்லும். பழக நாளாகும். பழகியவர்கள் விடுவதில்லை.

நம் கல்லூரி லேப்களில் பல இடங்களில் இன்னும், பழைய டாஸ் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸுக்குள், டர்போ சி என்ற பழைய சி மென்பொருள் ஓடுகிறது. டாஸ்பாக்ஸ் தன் ஜன்னலைப் படமாக வரைவதால் ஸ்கிரீன் ரீடருக்கு அதில் ஒரு எழுத்தும் கிடைக்காது. சி மொழி நமக்கு ஆகாது என்ற பேச்சு பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. அதே பாடப் பயிற்சிகளை ஜிசிசி கம்பைலரும் (நிரலை ஓடும் புரோகிராமாக மாற்றுவது) விஎஸ் கோடும் வைத்துச் செய்யலாம், இரண்டும் இலவசம். டர்போ சி-க்கே உரிய 'கோனியோ' ஹெடர், 'கிளியர் ஸ்கிரீன்' போன்ற ஓரிரு வரிகளை மட்டும் நீக்க வேண்டியிருக்கும். செமஸ்டர் தொடங்கும் முன்பே துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: "ஐயா, எனக்கான கணினியில் என்விடிஏ, ஜிசிசி, விஎஸ் கோட் மூன்றையும் நிறுவ அனுமதி வேண்டும். செய்முறைத் தேர்வையும் அதே கணினியில் எழுத அனுமதிக்க வேண்டும்." இரண்டாவது வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள், தேர்வு நாளன்று வேறு கணினியில் உட்காரவைத்தால் முதல் அனுமதியால் பயனில்லை.

வளாக நேர்காணலின் ஆன்லைன் கோடிங் தேர்வுக்கும் இதே முன்யோசனை வேண்டும். தேர்வுத் தளத்தின் மாதிரித் தேர்வை முன்னாலேயே கேட்டு வாங்கி, ஐந்து சோதனைகளில் இரண்டாவதையும் மூன்றாவதையும் அதில் செய்து பாருங்கள். கேமரா வைத்துக் கண்காணிக்கும் தேர்வானால், நீங்கள் திரையைப் பார்க்க மாட்டீர்கள் என்பதையும் ஹெட்போனில் ஸ்கிரீன் ரீடர் ஓடும் என்பதையும் எழுத்தில் தெரிவித்து, எழுத்திலேயே பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தளம் ஒத்துவரவில்லை என்றால், உங்கள் சொந்த எடிட்டரில் எழுதித் திரையைப் பகிர அனுமதி கேளுங்கள். கூடுதல் நேரத்தையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுவது நல்லது.